கணப்பிலிருந்து கிரில் தவா வரை

கிரில் தவா என்பது உட்புறத்தில் வரிசையாக மேடும் பள்ளமும் வார்த்த கனத்த சட்டி. பெரும்பாலும் வார்ப்பிரும்பில் செய்வார்கள், அலுமினியத்திலும் உண்டு. அடுப்பில் வைத்து நன்றாகக் காயவிட்டு, இறைச்சி, மீன், பன்னீர், கத்தரிக்காய் என்று எதை வைத்தாலும் மேட்டில் பட்ட இடம் கருஞ்சிவப்புக் கோடாகச் சுட்டுக்கொள்ளும். உருகிய கொழுப்பு பள்ளத்தில் இறங்கி நிற்கும். தணலுக்கு மேல் கம்பித்தட்டு வைத்துச் சுடும் பழைய முறையைத் தணலே இல்லாத சமையலறைக்குள் நடத்திப் பார்க்க எழுந்த கருவி இது. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளிலிருந்து தணல் எப்படி மறைந்தது என்று தெரிந்தால்தான் இந்தச் சட்டி ஏன் வந்தது என்பது விளங்கும்.

தணல் வீட்டுக்குள்ளேயே இருந்த காலம் நீண்டது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தில், வெட்டி இல்லம் என்று இன்று அழைக்கப்படும் மாளிகையின் சமையலறை பாத்திரங்களோடு கிடைத்திருக்கிறது. கட்டி எழுப்பிய மேடையின்மேல் தணலைப் பரப்பி, இரும்பு முக்காலியோ கம்பித்தட்டோ வைத்துச் சமைப்பது ரோமானியர் வழக்கம். நன்கு பற்றிய அடுப்புக்கரி அதிகம் புகையாது என்பதால் புகைபோக்கி இல்லாமலே காலம் தள்ள முடிந்தது. கம்பித்தட்டு அன்றாடப் பொருளாக இருந்ததால் தண்டனைக் கதைகளிலும் நுழைந்தது. 258-இல் ரோமில் கொல்லப்பட்ட புனித லாரன்ஸ் அப்படியொரு தட்டில் கிடத்தி வாட்டப்பட்டார் என்பது கிறித்தவ மரபு. அவரையே பின்னாளில் சமையற்காரர்களின் பாதுகாவலராக்கியது சற்று விபரீதமான தேர்வுதான். அவருடைய திருநாளான ஆகஸ்ட் 10 அன்று, 1557-இல், செயிண்ட் குவெண்டின் போரில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் படை வென்றது. அதன் நினைவாக 1563-இல் தொடங்கிக் கட்டிய எஸ்கோரியல் அரண்மனையின் தரைப்படம் கம்பித்தட்டின் வடிவில் அமைந்தது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

வட ஐரோப்பாவில் நிலைமை வேறு. குளிர் காயவும் சமைக்கவும் ஒரே நெருப்பு. அது கூடத்தின் நடுவே எரிந்தது. கூரையில் விட்ட துளை வழியாகப் புகை போனது, போகாதது வீட்டில் தங்கியது. இங்கிலாந்தில் சாதாரண வீடுகளுக்குப் புகைபோக்கி பரவலாக வந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான். எசெக்ஸ் மாவட்டத்தின் ராட்வின்டர் கிராமத்துப் பாதிரியார் வில்லியம் ஹாரிசன் 1577-இல் வெளிவந்த தம் இங்கிலாந்து வர்ணனையில், ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் கண்ட பெரிய மாறுதல்களில் ஒன்றாகப் புகைபோக்கிகள் பெருகியதைக் குறிப்பிடுகிறார். அவருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. பழைய புகை வீட்டு மரங்களைக் கெட்டிப்படுத்தியது, வீட்டாருக்குச் சளி பிடிக்காமலும் காத்தது என்பது அவர் கட்சி. புகை போனால் நன்மையும் போகிறது என்று வருந்திய முதல் குரல்களில் இது ஒன்று. அவர் வருந்தியது உடல்நலத்துக்காக. சுவைக்காக வருந்துவோர் நானூறு ஆண்டு கழித்துத்தான் வந்தார்கள்.

புகைபோக்கியோடு நிலக்கரியும் வந்தது. விறகு விலை ஏற ஏற லண்டன் நகரம் கடல்வழி வந்த நிலக்கரிக்கு மாறியது. விறகுப் புகையில் சுட்ட இறைச்சி மணக்கும். நிலக்கரிப் புகையில் சுட்டது நாறும். அதனால் ஆங்கிலச் சமையல் நூல்கள் சுடுவதற்குப் புகையில்லாத தெளிந்த நெருப்பு வேண்டும் என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தின. பெரிய மாமிசத் துண்டுகளை நெருப்புக்கு முன்னால் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுட்டார்கள். கொழுப்பு நெருப்பில் விழாமல் கீழே வைத்த தட்டில் விழுந்தது. மெல்லிய துண்டுகளுக்கு மட்டும் தணல்மேல் கம்பித்தட்டு.

இந்தக் கம்பித்தட்டை லண்டன் மருத்துவரும் சமையல் ஆர்வலருமான வில்லியம் கிட்சினர் 1817-இல் வெளியிட்ட தம் சமையல் நூலில் நுணுக்கமாக ஆராய்ந்தார். தட்டின் கம்பிகள் உருண்டையாக இருக்கக் கூடாது, மேற்புறம் குழிந்திருக்க வேண்டும் என்றார். அந்தக் குழிவழியே சாறும் கொழுப்பும் ஓடி முனையிலுள்ள சிறு தொட்டியில் சேர வேண்டும். தட்டு சற்றே முன்சாய்வாக நிற்க வேண்டும். கொழுப்பு நெருப்பில் சொட்டினால் புகை எழுந்து பண்டத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர் காட்டிய காரணம். அக்காலத்துக் கொல்லர்கள் செய்த இத்தகைய வாய்க்கால் கம்பித்தட்டுகள் அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. சூடான மேடு, கொழுப்பு ஓடும் பள்ளம், சாய்வு, சேகரிக்கும் தொட்டி ஆகிய நான்கும் இதில் வந்துவிட்டன. பின்னாளைய கிரில் தவாவும் அதன் மின்சார உறவினர்களும் இதற்குமேல் புதிதாகக் கண்டுபிடித்தது அதிகமில்லை. கீழே இருந்த நெருப்பை மூடியதுதான் வேறுபாடு.

கம்பித்தட்டுக்கு இங்கிலாந்தில் ஒரு கழகமே இருந்தது. கோவென்ட் கார்டன் நாடக அரங்கின் மேலாளர் ஜான் ரிச்சும் காட்சித்திரை ஓவியர் ஜார்ஜ் லாம்பர்ட்டும் 1735-இல் தொடங்கிய மாட்டிறைச்சிச் சங்கம் அது. அரங்கின் ஓவிய அறையில் லாம்பர்ட் வேலைக்கிடையே கணப்பில் இறைச்சித் துண்டைச் சுட்டுத் தின்ன, வந்த நண்பர்கள் பங்கு கேட்டதில் சங்கம் பிறந்தது என்பது வழக்கிலுள்ள கதை. கம்பித்தட்டு அதன் சின்னம். மாட்டிறைச்சியும் சுதந்திரமும் அதன் முழக்கம். பிரபுக்களும் நடிகர்களும் சரிசமமாக உட்கார்ந்து சுட்ட துண்டுகளைத் தின்ற இந்தச் சங்கம் 1867 வரை நீடித்தது. அதற்குள் ஆங்கிலச் சமையலறைகளில் திறந்த நெருப்பே குறையத் தொடங்கிவிட்டது.

சட்டியின் வரலாறு தனியே வளர்ந்தது. 1704 வாக்கில் டச்சு நாட்டுப் பித்தளைப் பட்டறைகளின் முறையை அறிந்துவந்த ஆபிரகாம் டார்பி, அதே மணல் அச்சு முறையில் இரும்புப் பானை வார்க்க 1707-இல் காப்புரிமை பெற்றார். களிமண் அச்சைவிட மணல் அச்சு மலிவு. சட்டியின் கனமும் குறைந்தது. 1709-இல் கோல்புரூக்டேலில் கல்கரி கொண்டு இரும்பை உருக்கிக் காட்டினார். தொழிற்புரட்சி நூல்கள் பலவும் டார்பியைப் பாலங்களுக்கும் எந்திரங்களுக்கும் முன்னோடியாகப் பேசுகின்றன. அவர் முதலில் விற்றது ஏழை வீட்டுப் பானை. வெண்கலப் பாத்திரம் வாங்க முடியாத குடும்பங்களுக்கு வார்ப்பிரும்பு எட்டியது அப்போதுதான். அந்தப் பானைகளும் சட்டிகளும் மூன்று கால் கொண்டவை. தணலின்மேல் நேரே நிற்பதற்காக அப்படி வார்த்தார்கள்.

கால்களை எடுத்தது மூடிய அடுப்பு. மாசசூசெட்ஸில் 1753-இல் பிறந்து, பவேரிய அரசுப் பணியில் உயர்ந்து ரம்போர்டு பிரபு ஆன பெஞ்சமின் தாம்சன், மூனிக்கில் ஏழைகளுக்கும் படைவீரர்களுக்கும் பெருமளவில் சமைக்க நேர்ந்தபோது கணப்பின் விரயத்தை அளந்து பார்த்தார். வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகிறது, மிஞ்சியது சமையற்காரியை வாட்டுகிறது, பானைக்குச் சேர்வது சொற்பம் என்று எழுதினார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிச் சிறு நெருப்பு, அதைச் சுற்றிச் செங்கல் உறை, காற்றைக் கட்டுப்படுத்தக் கதவு என்பது அவர் தீர்வு. எக்ஸெட்டர் நகர இரும்பு வார்ப்பாளர் ஜார்ஜ் பாட்லி 1802-இல் மேற்புறம் முழுவதும் இரும்புத் தகட்டால் மூடிய அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 19-ஆம் நூற்றாண்டு நடுவில் அமெரிக்கக் கிராம வீடுகள் வரை வார்ப்பிரும்பு அடுப்பு போய்ச் சேர்ந்தது. தட்டையான அடுப்புக்குத் தட்டையான அடி வேண்டும். மூன்று கால் சட்டிகள் வழக்கொழிந்தன. எரிபொருள் மிச்சம், கண் எரிச்சல் இல்லை, பாவாடையில் தீப்பிடிக்கும் அச்சம் இல்லை. வீட்டுப் பெண்களுக்கு இது பெரிய விடுதலை. இழந்தது ஒன்றே ஒன்று, தணல்மேல் சுடும் வசதி.

அந்த இழப்பை ஈடுகட்ட இரண்டு வழிகள் பிறந்தன. நெருப்பை மேலே கொண்டுபோவது ஒரு வழி. நார்தாம்ப்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷார்ப் 1826-இல் எரிவாயு அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1841-இல் லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் புதிய சமையலறையில் அலெக்ஸி சுவாயே எரிவாயுவில் சமைத்து ஊரைக் கவர்ந்தார். எரிவாயுச் சுடரைத் தலைகீழாக அமைத்து அதன்கீழே தட்டை நுழைத்தால் கொழுப்பு சுடரில் விழவே வழியில்லை. ஆங்கிலேயர் இன்றும் கிரில் என்று சொல்வது இந்த மேல்சுடரைத்தான். அதற்கும் முன்பு, பழுக்கக் காய்ச்சிய இரும்பு வட்டைப் பண்டத்தின்மேல் பிடித்து மேற்பரப்பைச் சிவக்க வைக்கும் வழக்கம் இருந்தது. சாலமாண்டர் என்ற அந்தக் கருவியின் பெயரை உணவகங்களின் மேல்சுடர் அடுப்பு இப்போது சுமக்கிறது.

இரண்டாவது வழி, சட்டியையே தணல் போலக் காய்ச்சுவது. பாஸ்டன் சமையற்பள்ளியின் தலைவர் ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட நூலில், சீறும் அளவுக்குக் காய்ந்த சட்டியில் துண்டை அடிக்கடி திருப்பிப் போட்டுச் சுடுவதைத் தனி முறையாக வரையறுத்தார். எண்ணெய் ஊற்றிப் பொரிப்பதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியதில்தான் நூலின் கறார்த்தன்மை தெரிகிறது. இதற்கேற்ற சட்டிகளைப் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1865-இல் தொடங்கிய கிரிஸ்வோல்டு, ஒஹையோவின் சிட்னி நகரில் 1891-இல் தொடங்கிய வாக்னர், டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க்கில் 1896-இல் ஜோசஃப் லாட்ஜ் நிறுவிய ஆலை ஆகியவை வார்த்துத் தள்ளின. தட்டையான சட்டியில் ஒரு தொல்லை உண்டு: கொழுப்பு மிகுந்த துண்டு தன் கொழுப்பிலேயே மிதந்து பொரியத் தொடங்கிவிடும். எனவே உட்புறத்தில் மேடுகள் வார்த்த வட்டச் சட்டிகளும் சந்தைக்கு வந்தன. வாக்னர் அப்படியொன்றைக் கொழுப்பில்லாப் பொரிப்புச் சட்டி என்ற பொருள்படும் பெயரில் விற்றது. அந்தப் பெயரில் கோடுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. மேடுகளுக்கு அது சொன்ன நியாயம் கொழுப்பு வடிதல்தான்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் இதே எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. கம்பளித் தேவைக்காக 1918-இல் ஜப்பானிய அரசு பத்து லட்சம் செம்மறியாடுகள் வளர்க்கும் திட்டம் தீட்டியது. ஆடு வந்தது, இறைச்சியும் வந்தது. அதுவரை ஆட்டிறைச்சிக்குப் பழகாத மக்கள் அதைத் தின்ன ஒரு முறை தேவைப்பட்டது. நடுவே கவிழ்த்த கிண்ணம் போலப் புடைத்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கி வரிமேடுகள் இறங்கும் வார்ப்பிரும்புச் சட்டியில் சுடும் ஜிங்கிஸ்கான் என்ற உணவு நிலைத்தது. உச்சியில் ஒரு துண்டுக் கொழுப்பை வைத்து, சரிவில் இறைச்சியைச் சுட்டு, வடியும் சாற்றில் விளிம்பைச் சுற்றிக் காய்கறிகளை வேகவைப்பார்கள். கொழுப்பைக் கழிவாக வடிக்கும் அமெரிக்கச் சட்டியைவிட, அதைக் காய்க்குக் குழம்பாக்கும் இந்தச் சட்டி புத்திசாலித்தனமானது என்றே சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் சட்டிக்கு அழகு சேர்த்தவர்கள் இரண்டு பெல்ஜியர்கள். வார்ப்பில் தேர்ந்த அர்மான் டெசேகரும் எனாமல் பூச்சில் தேர்ந்த ஆக்டவ் ஓபெக்கும் 1925-இல் வட பிரான்சின் ஃப்ரெனுவா-லெ-கிராண்டில் லெ க்ரூசே ஆலையைத் தொடங்கினார்கள். எனாமல் பூசியதால் இரும்பு துருப்பிடிக்கவில்லை, புளிப்பும் அரிக்கவில்லை. தணல் நிற ஆரஞ்சு அதன் அடையாளமாயிற்று. சமையல் எழுத்தாளர் எலிசபெத் டேவிட் 1965-இல் லண்டன் பிம்லிகோவில் திறந்த கடை போன்றவை பிரெஞ்சுச் சமையற்கட்டுப் பாத்திரங்களை ஆங்கில நடுத்தர வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தன.

கோடுகளுக்குத் தனி மதிப்பு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். அமெரிக்கப் புறநகர் வீடுகளின் பின்முற்றத்தில் அடுப்புக்கரி மீண்டும் எரிந்தது. 1952-இல் சிகாகோ அருகே வெபர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், கடல் மிதவைக்கான உலோக அரைக்கோளங்களை மூடியும் தொட்டியுமாக்கிச் செய்த உருண்டை அடுப்பு, ஞாயிற்றுக்கிழமைச் சமையலை ஆண்களின் பொழுதுபோக்காக்கியது. முற்றம் இல்லாத மாடிக் குடியிருப்பாளர்களுக்கு அதே உணவு வேண்டும், இடமோ இல்லை. நியூயார்க் போன்ற நகரங்களின் தீத்தடுப்பு விதிகள் மாடத்தில் கிரில் அடுப்பு வைப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. இண்டியானாபொலிஸின் ஜென்-ஏர் நிறுவனம் 1960களில், புகையைக் கீழ்நோக்கி உறிஞ்சி வெளியேற்றும் கிரில் அடுப்பைச் சமையலறை மேடைக்குள்ளேயே பொருத்திக் கொடுத்தது. அது வசதி படைத்தவர்களுக்கானது. மற்றவர்களுக்கு மேடு வார்த்த இரும்புச் சட்டி போதுமானதாக இருந்தது; விடுமுறை நாள் உணவின் அடையாளத்தை அது தட்டில் அச்சடித்துக் கொடுத்தது.

அடுத்த மாற்றம் ஒட்டாத பூச்சு. டியூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் 1938 ஏப்ரல் 6 அன்று தற்செயலாகக் கண்ட டெஃப்லானை, பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார் அலுமினியத்தில் ஒட்டவைத்து 1956-இல் டெஃபால் நிறுவனம் தொடங்கினார். மேடும் பள்ளமுமான சட்டியைக் கழுவுவது எவ்வளவு எரிச்சலான வேலை என்பது கழுவியவர்களுக்குத் தெரியும். பூச்சு அதைத் தீர்த்தது. ஆனால் அந்தப் பூச்சை ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சக் கூடாது. அதைத் தாண்டிச் சூடேறினால் சிதையத் தொடங்கி, வீட்டில் வளர்க்கும் பறவைகளைக் கொல்லக்கூடிய ஆவியை வெளிவிடும். வெறும் இரும்பை எவ்வளவு காய்ச்சுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற சுடுகலையின் முதல் விதியோடு இது முரண்படுகிறது. 1994-இல் சால்டன் நிறுவனம் விற்பனைக்கு விட்ட மின்சார கிரில் இந்த முரண்பாட்டைச் சுற்றிக்கொண்டு போனது. மைக்கேல் போம் வடிவமைத்த அதில் மேலும் கீழும் மேடு வார்த்த இரண்டு தகடுகள், முன்சாய்வு, கொழுப்பு விழ ஒரு தொட்டி. அதே ஆண்டு 45 வயதில் மீண்டும் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற ஜார்ஜ் ஃபோர்மன் தம் பெயரைக் கொடுத்தார். பத்து கோடிக்கு மேல் விற்ற அந்தப் பெட்டியின் பெயருக்காக 1999-இல் சால்டன் 13.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கிட்சினர் பார்த்திருந்தால் சாய்வையும் தொட்டியையும் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

மேடு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சட்டியின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமீய் மயார் 1912-இல் விவரித்த வினை, புரதக் கூறுகளும் சர்க்கரையும் சேர்ந்து சிவந்து மணம் பெறும் வினை, ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் விரைவாக நடக்கும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. வார்ப்பிரும்பு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அலுமினியம் அதைவிட மூன்று நான்கு மடங்கு விரைவு. ஆனால் கனத்த இரும்பு வாங்கிய வெப்பத்தைத் தேக்கி வைக்கும். குளிர்ந்த துண்டு விழுந்தாலும் சட்டென ஆறாது. இந்தத் தேக்கத்தை மேடுகள் நேரடியாகத் தருவது தாங்கள் தொடும் கோடுகளுக்கு மட்டும். இடைவெளியில் இருக்கும் பகுதி பள்ளத்திலிருந்து எழும் அனலிலும் ஆவியிலும் சாம்பல் நிறமாக வேகும். ஆகவே தட்டையான சட்டியில் சுட்ட துண்டைவிடக் கிரில் தவாவில் சுட்டதற்குச் சிவந்த பரப்பும், அதனால் சுவையும் குறைவு. அழகான கோடு சாற்றை உள்ளே பூட்டுகிறது என்பதும் தவறு. 1847-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் கிளப்பிவிட்ட இந்தக் கருத்தை ஹெரால்டு மக்கீ 1984-இல் தம் நூலில் விரிவாக மறுத்தார். இருந்தும் சமையல் நிகழ்ச்சிகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

தணலில் சுட்டதன் தனி மணம் கோட்டிலிருந்து வருவதில்லை. கொழுப்பும் சாறும் கங்கின்மேல் சொட்டி, எரிந்து ஆவியாகி, மேலெழுந்து இறைச்சியில் படிவதுதான் அந்த மணம். கிட்சினர் கெடுதல் என்று விரட்டிய அதே புகைதான் இன்று தேடப்படும் சுவை. நிலக்கரி நாற்றத்தின் நடுவே வாழ்ந்தவருக்கு அது சுவையாகத் தோன்ற நியாயமில்லை. அந்தப் புகையில் புற்றுநோயோடு தொடர்புடைய பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் இருப்பதால் அவர் விரட்டியதில் தவறும் இல்லை. கிரில் தவாவில் கொழுப்பு நெருப்பைத் தொடுவதில்லை. பள்ளத்தில் கிடந்து காய்ந்து புகையும்போது கிடைப்பது கருகல் வாடை மட்டும். இதனால்தான் துண்டின்மேல் எண்ணெய் தடவ வேண்டும், சட்டியில் ஊற்றக் கூடாது என்கிறார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இதே நோக்கத்துக்குச் சட்டி தேவைப்படவில்லை. அப்பளத்தையும் கொத்சுக்கான கத்தரிக்காயையும் விறகடுப்புத் தணலில் சுட்டவர்கள், எரிவாயு வந்தபின் சுடரிலேயே நேராகவோ கம்பிவலை வைத்தோ சுட்டுக்கொண்டார்கள். அண்மையில் கடைகளுக்கு வந்த கிரில் தவாவை வாங்குவோர் பெரும்பாலும் பன்னீருக்கும் ரொட்டிக்கும் வாங்குகிறார்கள். ஆனால் வார்ப்பிரும்பைப் பராமரிக்கும் கலை இங்கே புதிதல்ல. புதுத் தோசைக்கல்லைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துப் பழக்குவது எதற்கோ, அதற்காகவே லாட்ஜ் ஆலை 2002 முதல் எண்ணெய் பூசிச் சுட்டுப் பழக்கிய சட்டிகளை விற்கிறது. எண்ணெய் சூட்டில் இறுகி மெல்லிய கெட்டிப் படலமாவதே இரண்டிலும் நடக்கும் வேதியியல். தோசைக்கல்லைப் பழக்கத் தெரிந்தவருக்குக் கிரில் தவாவும் பழகும். பள்ளங்களில் எண்ணெய் தேங்காமல் துடைப்பது மட்டும் கூடுதல் வேலை.

குடைமிளகாய், கத்தரிக்காய், பன்னீர், தோலோடு கூடிய மீன், கொழுப்பு மிகுந்த மெல்லிய துண்டு ஆகியவற்றுக்குக் கிரில் தவா பொருத்தமானது. தடித்த இறைச்சித் துண்டு முழுவதும் சிவக்க வேண்டுமானால் தட்டையான வார்ப்பிரும்புச் சட்டியே மேல். தணலின் மணம் வேண்டுவோர் முற்றத்துக்கோ மொட்டை மாடிக்கோ போக வேண்டியதுதான். மூடிய அறைக்குள் அடுப்புக்கரியை எரித்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். சன்னலைத் திறந்து வைப்பது அதற்குப் போதிய பாதுகாப்பு ஆகாது.